மூன்றாவது சிலிண்டரில் மாமியாரின் பாக்குரல்

1943, ஜூன் 7, திங்கள்

(ஜப்பான் கணக்கில் 2603. ஒரே அடியில் அறுநூற்றுச் சொச்சம் வயது கூடிவிட்டது. என் முழங்கால் அந்தக் கணக்கைத்தான் ஒத்துக்கொள்கிறது.)

காலையில் தூறல். ஆபீஸ் கடிகாரம் ஏழு என்றது. டோக்கியோ நேரம். வெளியே சேவல்கூட எழுந்திருக்கவில்லை.

கார் கிளம்பிவிட்டது!

வெள்ளைக்காரத் துரை ஓடும்போது விட்டுப்போன கார். போகிற அவசரத்தில் டிரைவர் சின்னப்பனிடம் (இனி சி.), "எஞ்சினில் மணலைக் கொட்டி ஓடவிடு, அவன்களுக்குக் கிடைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சி. சொன்ன சொல் தட்டாதவன். நன்றாகவே கொட்டினான். இப்போது ஜப்பான் துரை (இனி ஜ.து., காகிதம் மிச்சம்) அதே காரை எழுப்பு என்கிறான். கொட்டியவனே வாருகிறான். கூட நான். ரப்பர் பிழிகிற மெஷின்களோடு பாதி ஆயுளைக் கழித்த தோட்டத்து ஃபிட்டர். மெஷினோடு பேசிப் பேசி மனுஷரோடு பேசத் தெரியவில்லை என்பது பெண்சாதி ராஜம்மாவின் புகார். பேச்சை நிறுத்தத் தெரியவில்லை என்பது ஊரின் புகார்.

போட்ட சாமான்கள்: சுங்கைப் பட்டாணி டவுனில் கவிழ்ந்து கிடந்த லாரியின் பிஸ்டன். எவனோ விற்ற ரிங். அடித்தட்டுக்குச் செருப்புத்தோல் வெட்டிய வாஷர். எஞ்சின் ஆயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய். ஸ்டார்ட் ஆனதும் லயத்து வீடுகளின் பிள்ளைகள் ஓடி வந்தன, யார் வீட்டிலோ பலகாரம் சுடுகிறார்கள் என்று. பாவம், பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

நானும் சி.யும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். அப்புறம்தான் காதில் விழுந்தது.

டக். டக். டக். டக்.

ஜ.து. தலையைச் சாய்த்தான். மலாயில் கேட்டான், இது என்ன சத்தம். "புது எஞ்சின், துவான். வெட்கப்படுது" என்றேன் தமிழில். நல்லவேளை, புரியவில்லை. "பாயிக். லெக்காஸ்." சரிசெய், சீக்கிரம். போய்விட்டான்.

ஜூன் 8, செவ்வாய்

வெயில். வயிறு சரியில்லை. நேற்றும் மரவள்ளி, முந்தாநாளும் மரவள்ளி.

முதல் சந்தேகம் டாப்பெட். வால்வுக்கும் அதைத் தள்ளுகிற கட்டைக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் இப்படித்தான் தட்டும். இடைவெளி அளக்கிற தகடு கிடையாது. டூல்பாக்ஸோடு சிப்பாய்கள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் என் ஷேவிங் பிளேடு. இரண்டை ஒன்றாகச் சேர்த்துச் சொருகினால் ஏறக்குறைய சரி. எட்டு வால்வையும் முடிப்பதற்குள் இரண்டும் மழுங்கிப்போச்சு. யுத்தம் முடியும்வரை இனி தாடிதான்.

ஸ்டார்ட். அதே டக் டக்.

சி.: "அண்ணே, இது டாப்பெட் இல்ல. டாப்பெட்டுன்னா தையல் மெஷின் மாதிரி இருக்கும். இது யாரோ கதவத் தட்டுற மாதிரில்ல இருக்கு."

"திறக்காதே. கங்காணியா இருப்பான்."

பெட்ரோல் ஒரு சின்ன டின்தான் கொடுக்கிறார்கள். கொஞ்ச நேரம் ஓட்டிக் கேட்பது, அணைப்பது, மீதி நேரமெல்லாம் யோசிப்பது. யோசிக்கப் பெட்ரோல் வேண்டாம்.

ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணியார் வீட்டம்மா துரை பங்களாவின் ஜன்னல் திரையில் ரவிக்கை தைத்துப் போட்டிருக்கிறார். முதுகில் முழு மயில். தோகை எங்கே போயிற்று என்று ராஜம்மாவிடம் கேட்டேன். இன்றைக்குச் சாப்பாடு தாமதம்.

ஜூன் 9, புதன்

மேகமூட்டம். கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தேனே என்று இப்போது இருக்கிறது.

நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். வைத்தியர் கெட்டார். முதல் சிலிண்டர் சுத்தம். இரண்டு சுத்தம். மூன்றில் டக் டக் என்று மண்டைக்குள் இறங்கியது. மூன்றாவது பிளக்கின் ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் பாதியாக அமுங்கியது. மாட்டினேன், திரும்ப வந்தது. டாப்பெட்டாக இருந்தால் ஒயரைப் பிடுங்கினாலும் அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். இது நெருப்பு அடிக்கும்போது தட்டுகிறது. அப்படியானால் பிஸ்டனுக்குள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோர்க்கிற பின். அந்தப் பின் ஆடுகிற வளையம், புஷ்.

அந்தப் புஷ் நான் செய்தது. வெண்கலம் கிடைக்காமல், மாமியார் விட்டுப்போன பித்தளைப் பாக்குரலை அறுத்துக் கடைந்து போட்டது. பித்தளை மெத்து. அதற்குள் தேய்ந்துவிட்டது.

ராஜம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மா கையில இருந்தவரைக்கும் அது ஒழுங்காத்தான் இடிச்சுது. உங்க கைக்கு வந்து கெட்டுப்போச்சு."

மத்தியானம் கங்காணி ஷெட்டுக்கு வந்தார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு. பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களைக் கத்தியோடு ஏற்றிக்கொண்டு போனார்களாம். போனவர்கள் யாரிடமிருந்தும் ஒரு கடுதாசி இல்லை.

"உங்க ரெண்டு பேரையும் தொடக்கூடாதுன்னு துரை சொல்லிட்டான்" என்றார் கங்காணி. "கார் வேல முடியிற வரைக்கும்."

"முடிஞ்சப்புறம்?"

"அப்புறம் பார்க்கலாம்னான்."

அவர் போனதும் சி.யிடம் சொன்னேன். "உனக்கென்ன பயம். கார் ஓடினால் டிரைவர் வேண்டாமா?"

சி. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அவனே ஓட்டுவான் அண்ணே. ஸ்டியரிங்க அவன் தடவுறதப் பார்த்தீங்களா? பெத்த பிள்ளையத் தடவுற மாதிரி. எனக்கு அதுல உட்கார எடம் கெடையாது." துணியை மடித்து வைத்தான். "எது தட்டுதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்கல்ல?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஜூன் 11, வெள்ளி

மழை. நல்ல மழை.

இன்றைய நாடகம். திருவிழாக் கூத்தில் பபூன் வேஷம் கட்டியவனுக்கு வேறென்ன தெரியும். ஜ.து. வந்தான். நான் எஞ்சினின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்து டயரைத் தட்டினேன். ஹெட்லைட்டை மோந்து பார்த்தேன். சி. பின்னால் பக்தியோடு ஸ்பானர் பிடித்து நின்றான், பூசாரிக்குத் தட்டு பிடிக்கிறவனைப் போல.

ஜ.து.விடம் நான் சொன்ன வியாதிகள்:
கார்புரேட்டரில் சளி.
ரேடியேட்டர் தண்ணீரில் சுண்ணாம்பு.
பின் ஆக்ஸிலில் ஏக்கம் (மலாயில் இதற்கு வார்த்தை தெரியாமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்).
மேக்னெட்டில் ஈரம், மழையால்.

தலையாட்டினான். மேக்னெட் மட்டும் நம்பினான்.

போனதும் சி. சாக்கில் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். "அண்ணே, ஏக்கமா? ஆக்ஸிலுக்கா?" இவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முப்பது வயதுகூட ஆகாதவன்.

சாமான் வாங்க அனுமதி கேட்டுச் சைக்கிளில் சுங்கைப் பட்டாணி போய் வந்தான். சாயங்காலம் வந்து, சட்டைப் பையிலிருந்து துணி முடிச்சு ஒன்றை எடுத்தான். அசல் வெண்கலப் புஷ். அதே கவிழ்ந்த லாரியின் வயிற்றைக் கிண்டி எடுத்திருக்கிறான். அன்றைக்கு நாங்கள் தேடாத இடம். அரம் கொஞ்சம் பிடித்தால் உட்கார்ந்துவிடும்.

"இது எதுக்கு இப்போ?"

"கையில இருக்கட்டும். அவன் கோபத்துல சுட்டுடுவேன்னு நின்னான்னு வைங்க, அன்னைக்கே மாட்டி உசிரக் காப்பாத்திக்கலாம். அதுவரைக்கும் உங்க மாமியார் இடிக்கட்டும்."

புஷ்ஷைப் பரணில் ஆணிப் பெட்டிக்குள் போட்டேன்.

ஜூன் 13, ஞாயிறு

வெயில், புழுக்கம். லீவு இல்லை என்றாலும் ஞாயிறு ஞாயிறுதான்.

சி. வீட்டில் ஜெபம். பாதிரியார் வராமல் மாசக்கணக்கு. அவன் பெண்சாதி ஆரோக்கியம்தான் படிக்கிறாள். மாரியம்மன் பிரசாதத்துக்குக் கை நீட்டுகிற நான் அங்கேயும் போய் உட்கார்ந்தேன். எந்தக் கதவு திறக்கும் என்று யார் கண்டது. மரவள்ளிப் புட்டு. தேங்காய் கொஞ்சம் தாராளம்.

சின்னவள் என் தாடியைப் பிடித்து இழுத்தாள். பெரியவன் என்னைப் போலவே டயரைத் தட்டிக் காட்டினான். அப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்!

ஆரோக்கியம் வாசலில் நிறுத்தினாள். "அண்ணே, அந்தக் கார் ரிப்பேர் இன்னும் எத்தன நாளைக்கு வரும்?"

"எத்தனை நாள் வேண்டும், சொல்லு."

"யுத்தம் முடியிற வரைக்கும்."

"ஆகட்டும். அதைவிடப் பெரிய வியாதியெல்லாம் கையில் வைத்திருக்கிறேன்."

அவள் சிரித்தாள். நானும். வாய் நிறைய வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வாய்க்கு என்ன குறைச்சல் எனக்கு.

ஜூன் 15, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் நெருப்பு.

ஜ.து. பொறுமை இழந்துவிட்டான். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். தமிழ் ஆள். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் (இவனுக்கு மட்டும் தலைக்குத் தேய்க்க எங்கிருந்து?). எஞ்சினை ஓடவிட்டுக் கைகட்டிக் கேட்டான். ஒயரைப் பிடுங்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் வைக்கவில்லை. கங்காணி, கிராணியார், பால் ஊற்ற வந்தவர்கள், அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"யாரு சேர்த்தது இத?"

"நான்தான்."

"நீயா? ரப்பர் பிழியிற மெஷினும் காரும் ஒண்ணுன்னு நெனச்சியா? தகர டப்பாவுக்குள்ள கல்லப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்குது. இது எஞ்சினா?" எல்லாரும் சிரித்தார்கள். கிராணியார் ரொம்பச் சிரித்தார். மயில் விஷயம் காதுக்குப் போயிருக்கும்.

"என்ன கோளாறுன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"டாப்பெட்! வேறென்ன? சின்னப் பிள்ளையும் சொல்லும்."

டாப்பெட்டாம்! நாக்கு நுனிவரை வந்தது. சி. என் காலை மிதித்தான். தலையைக் குனிந்துகொண்டேன். பிளேடு இல்லாமலே டாப்பெட்டைத் திருகினான். சத்தம் போகவில்லை. "எஞ்சின் மொத்தமும் போச்சு" என்று ஜ.து.விடம் சொல்லிவிட்டுச் சிகரெட் வாங்கிக்கொண்டு போனான்.

எங்களுக்கு நல்லதுதான். இன்னும் நாலு நாள் கிடைக்கும். சி.யும் அதைத்தான் சொன்னான். "நல்லதாப் போச்சு அண்ணே. பட்டணத்துக்காரனாலயே முடியலன்னு ஆயிடுச்சு."

ஆமாம், நல்லது. தட்டில் மரவள்ளியை உருட்டிக்கொண்டிருந்தேன். ராஜம்மா, "என்ன, வாய்ல கொழுக்கட்டையா?" என்றாள். குளத்தடியில் பெண்கள் "தகர டப்பா" என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். நாளைக்குப் பேர் ஒட்டிக்கொள்ளும். டப்பா ஃபிட்டர் பொன்னுசாமி.

ஜூன் 16, புதன்

மழை இல்லை. காற்றுக்கூட இல்லை.

ஜ.து. விருந்து வைக்கிறானாம். சி.யைச் சைக்கிளில் கோத்தா கோலா மூடாவுக்கு மீனுக்கு அனுப்பினான். போக வர ஒரு பகல் வேலை. ஷெட்டில் நான் மட்டும்.

எழுதத்தான் வேண்டும்.

பெட்டியிலிருந்து புஷ்ஷை எடுத்தேன். சும்மா பார்க்கத்தான் எடுத்தேன். அப்புறம் அரத்தால் கொஞ்சம் தடவினேன், குறித்து வைத்த பின் அளவுக்குச் சேர்கிறதா என்று பார்க்க. சேர்ந்தது. அப்புறம் எண்ணம் இப்படிப் போயிற்று: நான் சொன்னதுதான் சரியா, இல்லை அந்த வெள்ளைச் சட்டை சொன்னதா என்று எனக்காவது தெரிய வேண்டாமா? மாட்டிப் பார்ப்பது. ஒரே ஒரு தடவை ஓட விடுவது. காதால் கேட்பது. அணைத்துவிட்டுப் பழையதையே போட்டுவிடுவது. சி. வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஹெட், அடித்தட்டு, ராடு. பழைய புஷ் கையில் வந்தது. முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. நான் சொன்ன அதே மூன்றாவது சிலிண்டர். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. ஷெட்டில் ஒரு பூனைகூட இல்லை.

பூட்டினேன். ஸ்டார்ட்.

ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. விசிறி சுற்றுவது மட்டும். தண்ணீர்க் கிளாஸை எஞ்சின் மேல் வைத்தேன். அலை அடிக்கவில்லை. வாழ்க்கையில் இத்தனை நன்றாக ஒரு வேலை நான் செய்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அணைக்கத்தான் கையை நீட்டினேன். இன்னும் ஒரு நிமிஷம் என்று நின்றேன்.

அந்த ஒரு நிமிஷம்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஜ.து. எத்தனை நேரமாக நின்றானோ. தலை சாய்ந்திருந்தது. சிரித்தான். என் முதுகில் தட்டினான். சிகரெட்டுப் பெட்டியை முழுசாகக் கையில் திணித்தான். ஏறி உட்கார்ந்தான். அவனே. கியரைப் போட்ட விதத்தில் தெரிந்துவிட்டது, பழகின கை.

சாயங்காலம் சி. மீன் கூடையோடு வந்தான். ஷெட் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும்.

"எங்கண்ணே?"

அதற்குள் கார் பங்களாச் சரிவில் இறங்கி வந்து, எங்களைத் தாண்டிப் போயிற்று. சி. சைக்கிளைப் பிடித்தபடி நின்று, அது வளைவில் திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றான். குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் தேவலை. ஒரு டிரைவர் ஃபிட்டரிடம் சொல்வது மாதிரி சொன்னான்.

ஜூன் 17, வியாழன்

இருட்டோடு லாரி வந்துவிட்டது. டோக்கியோ நேரத்துக்கு எல்லாமே இருட்டோடுதான்.

கங்காணி முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஒருத்தர் குறையுது. கார் வேலதான் முடிஞ்சிருச்சே. உன்ன மட்டும் எஞ்சின் பார்த்துக்க வச்சுக்கிறேன்னு துரை சொல்லிட்டான். டிரைவர் வேணாமாம்."

பங்களாவுக்கு ஓடினேன். படியில் ஜ.து. பல் துலக்கிக்கொண்டு நின்றான். கார் பக்கத்தில். "துவான், சத்தம் இருக்கு. இன்னும் இருக்கு. திரும்ப வரும். டிரைவர் வேணும், அவனுக்குத்தான் இந்தக் காரைத் தெரியும்." தெரிந்த மலாயெல்லாம் கொட்டினேன். என்ன நினைத்தானோ, பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே போய் எஞ்சினைக் கிளப்பினான். கேள் என்று சைகை.

பானட்டில் காதை வைத்தேன். வாழ்க்கையில் இப்படிக் காது கொடுத்ததில்லை. ஒரு டக். ஒரே ஒரு டக் போதும். மாரியம்மா, ஆரோக்கியம் கும்பிடுகிற மாதாவே, யாராவது ஒரு டக்.

"ஆடா, துவான். கேளுங்க, ஆடா." இருக்கிறது, இருக்கிறது.

அவனும் குனிந்து கேட்டான். பொறுமையாகத்தான் கேட்டான். "தாக் ஆடா" என்றான். இல்லையாம். கன்னத்தில் விளையாட்டாக ஒரு தட்டு. முன்பு நான் ஆடின கோமாளித்தனத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

திரும்ப ஓடி வந்தபோது லாரியில் ஏற்றியாகிவிட்டது. சி.க்கு ஓரத்தில் இடம். புதுச் சட்டை போட்டிருந்தான். ஆரோக்கியம் போட்டு அனுப்பியிருப்பாள். "என்னை ஏத்துங்க, அவனுக்குப் பதில்" என்று கங்காணியின் கையைப் பிடித்தேன். "வயசான ஆள் வேணாங்கிறான்யா" என்று உதறினார். அதற்கு மேல் நான் கெஞ்சவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம்.

சி. மேலிருந்து குனிந்தான். "அண்ணே, ஆயில மாத்தச் சொல்லுங்க. தேங்கா எண்ணெ கெட்டியாப் போயிடும்."

லாரி போயிற்று.

சிகரெட்டுப் பெட்டியைக் கக்கூஸ் குழியில் போட்டேன். இரண்டு எடுத்து வைத்துக்கொண்ட பிறகு.

ஜூன் 20, ஞாயிறு

தூறல், வெயில், தூறல்.

ஆரோக்கியம் வீட்டுப் பக்கம் மூன்று நாளாகப் போகவில்லை. லயத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். "டப்பா ஃபிட்டர்" என்று யாரும் சொல்லவில்லை. கிராணியார்கூட, "பட்டணத்து மெக்கானிக்கையே ஜெயிச்சிட்டியாமே" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜ.து. தினமும் ஓட்டுகிறான். ஷெட்டில் உட்கார்ந்தால் பங்களாச் சாலை கேட்கும். முன்பெல்லாம் எந்த வண்டி வந்தாலும் கேட்கும். இது வருவது மட்டும் கேட்பதில்லை.

ராஜம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. உள்ளே போய், இருந்த கொஞ்ச அரிசியில் பாதியை எடுத்து முடிந்து, "கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

போனேன். ஆரோக்கியம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவன் என்னைப் பார்த்ததும் டயரைத் தட்டுகிற மாதிரி செய்து காட்டினான். அவள் அரிசியை வாங்கிக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "உங்க மேல ஒண்ணும் தப்பில்லண்ணே. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அந்தச் சத்தம் தானா நின்னு போச்சாமே? எஞ்சின் சில நேரம் அப்படித்தான் செய்யுமாம். போகும்போது அவர் சொல்லிட்டுத்தான் போனார்."

"ஆமாம்மா" என்றேன்.